தமாமிலிருந்து விடுகை விழா வரை: பிள்ளையின் மேடையில் பெற்றாருக்கு என்ன இடம்?



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றார் ஆறுதலாக வாசியுங்கள். ஆசிரிய நண்பர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

தரம் 9 முடித்து 10க்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நிகழ்வு வைப்போம் என்று ஆசிரியர்கள் நாங்கள் சிலர் யோசித்தோம். பெற்றாரைக் கூப்பிட்டோம். மண்டபம், ஒலிபெருக்கி, பிரதம அதிதி, சிற்றுண்டி, தலைக்கு எவ்வளவு என்று வழமைபோலப் பட்டியலை வாசித்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு உம்மா எழும்பி நின்று, "எல்லாம் முடிவெடுத்துட்டுத்தானே எங்களக் கூப்பிட்டிருக்கீங்க. காசு எவ்வளவு எண்டு மட்டும் சொல்லுங்க, நாங்க போறம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன விஷயம் மாதிரித்தான் சொன்னார். அதுதான் எங்களைச் சுட்டது.

அன்று கூட்டத்தை அதோடு நிறுத்தினோம். பிள்ளையின் விழாவில் பெற்றார் எப்போது விருந்தாளியானார்கள், அதற்கு முதல் எப்படி இருந்தது என்று எங்களுக்குள் பேசத் தொடங்கினோம். மூத்தவர்களிடம் கேட்டோம், கல்வி வரலாற்றையும் புரட்டிப் பார்த்தோம். அதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*முதலில் இன்றைய ஏணி*

இன்று எங்கள் பிள்ளைக்கு விழாக்களுக்குக் குறைவில்லை. பாலர் பாடசாலை முடிந்தால் விடுகை விழா. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் போட்டுப் படம் எடுக்கிறோம். தரம் 1க்கு வந்தால் கால்கோள் விழா. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் சந்திக்குச் சந்தி பதாகை. சாதாரண தரம், உயர்தரம் முடிந்தால் பிரியாவிடையும் கௌரவிப்பும்.

தரம் 6 முதல் 9 வரை உள்ள நான்கு வருடம்தான் வெறுமையாகக் கிடக்கிறது. பிள்ளை பெரிய பிள்ளையாகிற காலமும் அதுதான். பள்ளிக்கூடத்தில் மனம் விட்டுப் போகிற காலமும் அதுதான். முன்னேற்ற அறிக்கையில் "வகுப்பேற்றப்பட்டுள்ளார்" என்ற ஒரு சொல்லோடு அந்தக் கட்டம் முடிந்துவிடுகிறது.

*ஓதப்பள்ளியும் தமாமும்*

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை ஊர்களில், பாடசாலை வருவதற்கு முதலே பிள்ளைகளுக்கு ஓதப்பள்ளி இருந்தது. லெப்பையின் வீட்டுத் திண்ணையிலோ பள்ளிவாசல் ஓரத்திலோ பிள்ளைகள் பாய்விரித்து இருந்து, அலிஃபில் தொடங்கி 30 ஜுஸ்உவையும் ஓதி முடிப்பார்கள். முடிக்கிற நாளில் நடப்பதுதான் குர்ஆன் தமாம்.

தமாமை ஒழுங்குபடுத்தியது யார் என்று கேட்டால் எங்கள் மூத்தம்மாமார் சிரிப்பார்கள். "வேற யாரு? புள்ளையப் பெத்தவங்கதான்." எந்த நாளில் வைப்பது என்பதை வயல் அறுவடையையும் மீன்பாட்டையும் பார்த்து வீட்டார்தான் தீர்மானித்தார்கள். உம்மா புதுச் சட்டை தைப்பார். சாச்சி, மாமிமார் முதல் நாளே வந்து பலகாரம் சுடுவார்கள். வாப்பா லெப்பைக்கு வேட்டி சால்வை எடுப்பார். வசதி உள்ள வீட்டில் சகன் சாப்பாடு. இல்லாத வீட்டில் வாழைப்பழமும் சீனியும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டார் கைகொடுத்தார்கள். தமாம் வைக்கக் காசில்லை என்று குர்ஆனை முடித்த பிள்ளையை யாரும் மூலையில் இருத்தவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமாமில் பிள்ளை கடைசி சூராவை ஓதி முடித்ததும் எழும்பிவிடாது. அதே இருப்பில் திரும்பவும் ஃபாத்திஹாவை ஓதி, பகறாவின் தொடக்கத்தையும் ஓதித்தான் முடிக்கும். அதாவது முடித்த இடத்திலேயே அடுத்த சுற்று தொடங்கிவிடும். அது பிரியாவிடை அல்ல, வகுப்பேற்றம்.

ஊரின் பொதுக்காரியமும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. கிழக்கிலே தாய்வழிக் குடிமுறை உள்ள எங்கள் ஊர்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்து பள்ளிவாசல் நிர்வாகத்தில் பேசினார். அந்த முறையிலும் குறைகள் உண்டு. பெண்களுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குரல் வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

*மேடையும் பிரதம அதிதியும் வந்த கதை*

1814இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். 1815 ஏப்ரலில் இங்கேயே மரணமானார். ஒரு வருடம்கூட இருக்கவில்லை. அதற்குள் அவர் போட்ட அடித்தளத்திலிருந்துதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றைத் தொடங்குகிறது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி. 1929இல் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சிவானந்த வித்தியாலயம்.

ஆங்கிலப் பாடசாலைகளோடு பரிசளிப்பு விழா என்ற வடிவமும் வந்தது. அதிபர் அறிக்கை வாசிப்பார். அதிகாரி ஒருவர் பிரதம அதிதியாக வருவார். முதல் சில பிள்ளைகள் மேடையேறிப் புத்தகம் வாங்குவார்கள். பிறகு நன்றியுரை. பெற்றார் கதிரையில் இருந்து பார்ப்பார்கள். இது தவறான வடிவம் என்று நாங்கள் சொல்லவில்லை. தன் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்த்து எத்தனையோ வாப்பாமார் கண்கலங்கியிருக்கிறார்கள். ஆனால் வீட்டு முற்றத்தில் நடந்த விழா அன்றிலிருந்து நிறுவனத்தின் மேடைக்குப் போனது. விழாவை நடத்தியவர்கள் பார்வையாளர்கள் ஆனார்கள்.

எங்கள் சமூகம் இந்தப் பாடசாலைகளுக்குத் தயங்கித் தயங்கித்தான் போனது. மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைக் கடக்க எங்களுக்கென்று பாடசாலை வேண்டும் என்று கண்டியில் இருந்து சித்திலெப்பை போராடினார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த ஒறாபி பாஷாவும் துணைநிற்க, 1892இல் கொழும்பில் ஸாஹிறா பிறந்தது.

கிழக்கிலே அந்த வேலையை வேகப்படுத்தியவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1942இல், யுத்தகால உணவு உற்பத்திக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். அப்போது அம்பாறை தனி மாவட்டம் இல்லை. 1961 வரை கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. நெல்லுக்காக வந்த அதிகாரி அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் உருவாக்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்து வைத்தார். கெட்டித்தனம் இருந்தும் காசில்லாமல் எந்தப் பிள்ளையும் பாதியில் நிற்கக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. பிள்ளை அடுத்த படிக்கு ஏறுவது வீட்டின் பொறுப்பு மட்டுமல்ல, ஊரின் பொறுப்பும்தான் என்பதை நிதியாகவும் சங்கமாகவும் ஆக்கிக் காட்டியவர் அவர்.

*இலவசக் கல்வியும் இழந்த ஒன்றும்*

1945 அக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி. சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவுக்கு இந்தத் தீவின் ஒவ்வொரு ஏழைப் பிள்ளையும் கடன்பட்டிருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு "எட்டாம் வகுப்புப் பாஸ்" என்பதே ஒரு பட்டம் மாதிரி. இன்றும் சில வயோதிபர்கள் தங்கள் படிப்பை அப்படித்தான் சொல்வார்கள், அதுவும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. சமத்துவத்துக்கு அது பெரிய அடி எடுத்துவைப்பு. அதேநேரம் முடிவுகள் ஊரைவிட்டுத் தூரப் போயின. கதவு உடைந்தாலும் கந்தோருக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது.

1972 சீர்திருத்தத்தில் ஆரம்பப் பிரிவு 5 வருடம், அடுத்து தரம் 6 முதல் 9 வரை 4 வருடம் என்று பிரித்தார்கள். தரம் 9 முடிவில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை. முதல் தடவை 1975இல் நடந்தது. அந்தச் சிறிது காலம் தரம் 9 ஒரு வாசலாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பரீட்சை கைவிடப்பட்டு சாதாரண தரம் திரும்பி வந்தது. பரீட்சை போனது நல்லதுதான். ஆனால் "இங்கே ஒரு கட்டம் முடிகிறது" என்ற நினைப்பும் அதோடு போய்விட்டது.

இனி நான் சொல்லப்போவது இல்லை, நாங்கள் எல்லோரும் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1997இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பாடசாலை செல்வது கட்டாயம். 14 வயது என்பது ஏறக்குறைய தரம் 9 முடிகிற வயது. 2016இல்தான் அதை 16 ஆக்கினார்கள். ஆக, கிட்டத்தட்ட 18 வருடம் தரம் 9இன் வாசலில் சட்டம் பிள்ளையின் கையை விட்டது. பாடசாலையும் அந்த வாசலில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழா இல்லை, பெற்றார் சந்திப்பு இல்லை. அந்த வாசலால்தான் எங்கள் ஆண்பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் வெளியே போனார்கள். கடைக்குப் போனார்கள், தோணிக்குப் போனார்கள், கொழும்புக்குப் போனார்கள். இன்று சட்டம் 16 என்கிறது. பழக்கம் இன்னும் 14இல்தான் நிற்கிறது.

*மற்ற நாடுகளில்*

அமெரிக்காவின் கிராமங்களில் ஒரு காலம் எட்டாம் வகுப்போடு பலருக்குப் படிப்பு முடிந்தது. அதனால் எட்டாம் வகுப்பு விழா ஊர்விழாவாக இருந்தது. உயர்நிலைப் பள்ளி எல்லோருக்கும் பொதுவானபோது, பல இடங்களில் அதைப் பட்டமளிப்பு என்று சொல்லாமல் வகுப்பேற்ற விழா என்று மாற்றிக்கொண்டார்கள். அதே நாட்டில்தான் 1897இல் தாய்மாரின் மாநாடாக ஒரு அமைப்புத் தொடங்கி, பிறகு பெற்றார் ஆசிரியர் சங்கமாக வளர்ந்தது. ஜப்பானில் கட்டாயக் கல்வி 9 வருடம். அந்த ஒன்பதாவது வருட முடிவில், மார்ச் மாதத்தில், ஒவ்வொரு பிள்ளையும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு சான்றிதழ் வாங்குகிறது. முதலாம் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் அங்கே ஒரே மரியாதை.

*எங்கள் சங்கங்கள்*

எங்களிடமும் அமைப்பு இல்லாமல் இல்லை. முன்பு பெற்றார் ஆசிரியர் சங்கம். பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கம். 1993இல் பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் பெற்றாரையும் பழைய மாணவரையும் தீர்மானம் எடுக்கும் மேசைக்கு அழைத்தது. காகிதத்தில் எல்லாம் சரிதான். நடைமுறையில் பல இடங்களில் பெற்றாரின் வேலை மூன்றாகச் சுருங்கிவிட்டது: காசு கட்டுவது, கதிரை தூக்குவது, கைதட்டுவது.

ஆனால் கஷ்டகாலத்தில் யார் பாடசாலையைத் தாங்கினார்கள் என்பதை மறக்கலாமா? 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பே கூரையில்லாமல் நின்றது. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஜனாஸாக்களுக்குப் பிறகும் பிள்ளையின் கையைப் பிடித்துப் பாடசாலை வாசலுக்குக் கூட்டிவந்தது பெற்றார்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வகுப்பறைகள் அகதி முகாம்கள் ஆயின. வாவியின் இரு கரையிலும், தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும், அதே கதைதான். அப்போதெல்லாம் பெற்றாரிடம் நாங்கள் யோசனை கேட்டோம். கூரை திரும்பி வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

*எங்கள் குற்றம்*

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறோம். முன்பு கடமையாற்றிய ஒரு பாடசாலையில் இப்படியொரு விழா வைத்தோம். அங்கி, தொப்பி, சட்டமிட்ட படம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒரு தொகை. அன்று ஒரு பிள்ளை வரவில்லை. சுகமில்லையாக்கும் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது. உம்மா வெளிநாட்டில். மூத்தம்மாதான் வளர்க்கிறார். காசு கேட்டு மூத்தம்மாவைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று பிள்ளை அவரிடம் விழா பற்றிச் சொல்லவே இல்லை. அன்று காலையில் வழமைபோல உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, வாவிக்கரையில் இருந்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

அடுத்த வருடம் அவன் தரம் 10இல் சில மாதம்தான் வந்தான்.

அந்த விழாதான் அவனை நிறுத்தியது என்று சொல்ல மாட்டோம். காரணங்கள் பல. ஆனால் அவன் கால் தடுமாறிய நேரத்தில், நாங்கள் வைத்த விழா அவனுக்கு ஒரு படியாக இருக்கவில்லை. ஒரு சுவராக இருந்தது. ஒரு பெற்றார் அந்தத் திட்டமிடல் மேசையில் இருந்திருந்தால், "இந்தத் தொகை எல்லாராலும் ஏலாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

*இந்த முறை என்ன செய்தோம்?*

அந்த உம்மா எழும்பிக் கேட்ட பிறகு கூட்டத்தைத் திரும்ப வைத்தோம். இந்த முறை பட்டியல் இல்லாமல் போனோம். "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டோம். அஸர் தொழுகைக்குப் பிறகு வைத்தபடியால் வாப்பாமாரும் வந்தார்கள். அவர்கள் எடுத்த முடிவுகள் இவை:

1. காசு அறவிடுவதில்லை. வீட்டுக்கு வீடு இயன்ற பலகாரம். யார் என்ன கொண்டுவந்தார் என்ற பெயர்ப்பட்டியல் கிடையாது.

2. அங்கியும் தொப்பியும் இல்லை. பாடசாலைச் சீருடை போதும். "பட்டம் எடுக்கிற நாளில போடட்டும். இப்பவே போட்டா அதுல என்ன இருக்கு?" என்றார் ஒரு வாப்பா.

3. வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வாசிக்கப்படும். ஒவ்வொருவரைப் பற்றியும் வகுப்பாசிரியர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். புள்ளியைப் பற்றியல்ல, பிள்ளையைப் பற்றி.

4. சான்றிதழைக் கையில் கொடுப்பது பிரதம அதிதி அல்ல, அந்தப் பிள்ளையின் உம்மா, வாப்பா அல்லது வளர்க்கிறவர். பெற்றார் இல்லாத பிள்ளைக்கு யார் கொடுப்பது என்பதைப் பிள்ளையிடமே முன்கூட்டித் தனியாகக் கேட்க வேண்டும்.

5. விழாவுக்கு முன் ஒரு மணிநேரம் தொகுதிப் பாடங்கள் பற்றிப் பெற்றாருக்கு விளக்கம். தரம் 10இல் எந்தப் பாடத்தைத் தெரிவு செய்தால் உயர்தரத்தில் எந்தத் துறைக்குப் போகலாம் என்பது பல வீட்டில் தெரியாது. நண்பன் எடுத்தான் என்று இவனும் எடுக்கிறான்.

6. தரம் 10 முதலாம் தவணையில் 3 நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருவரும் பெற்றார் ஒருவரும் சேர்ந்து போக வேண்டும்.

ஐந்தாவதும் ஆறாவதும் எங்களுக்குத் தோன்றவே இல்லை. பெற்றார் சொன்னவை. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு உம்மா சொன்னார்: "எனக்கு வாசிக்கத் தெரியா சேர். ஆனா எந்தப் புள்ள காலையில எங்க போகுது எண்டு இந்த ஒழுங்கையில எனக்குத் தெரியாம இல்ல."

வரவு இடாப்பில் இல்லாத அறிவு அது. இவ்வளவு காலமும் அந்த அறிவைக் கதிரை தூக்க வைத்திருந்தோம்.

குறையும் சொல்ல வேண்டும். எல்லாப் பெற்றாரும் வரவில்லை. வந்தவர்களில் சிலர் தங்கள் பிள்ளையை மட்டுமே பார்த்தார்கள். பிரதம அதிதி இல்லாமல் என்ன விழா என்று சக ஆசிரியர்களே கேட்டார்கள். பேச்சு இழுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரமாகிவிட்டது. நாங்களே முடிவெடுத்திருந்தால் அரை மணிநேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அது எங்கள் விழாவாக இருந்திருக்கும்.

*முடிவாக*

எங்கள் மூத்தவர்கள் தமாமில் ஒன்றைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பிள்ளையை மேடையேற்றுவதற்கு முதல் அந்தப் பிள்ளையின் வீட்டை எழுப்பினார்கள். முடித்த இருப்பிலேயே அடுத்ததைத் தொடங்கவைத்தார்கள். அந்த இரண்டையும் நாங்கள் பாடசாலைக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். புதிதாக எதையும் வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை.

இந்த வருடம் தரம் 9 படிப்பிக்கிற ஆசிரியர்களே, விழா வைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. பெற்றாரை ஒரு தடவை வெறுங்கையோடு கூப்பிட்டு, "உங்கட புள்ள அடுத்த வருஷம் வருமா?" என்று மட்டும் கேளுங்கள்.

பெற்றாரே, உங்களைக் கூப்பிடாவிட்டாலும் வாருங்கள். அது உங்கள் மேசை.

உங்கள் ஊரில் தமாம் எப்படி நடந்தது, உங்கள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு எப்படி முடிந்தது என்று கீழே எழுதுங்கள். எழுவான்கரை, படுவான்கரை என்று பார்க்காமல் எல்லோரும் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.

அன்று வாவிக்கரையில் இருந்த அந்தத் தம்பிக்காகவும் துஆ செய்யுங்கள். இப்போது அவனுக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். அவனுடைய பிள்ளை ஒரு நாள் மேடையேறும்போது, சான்றிதழைக் கொடுப்பது அவனுடைய கையாக இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ்.